ஒம்பதுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம்

ஒம்பதுக்கும் பத்துக்கும் என்ன வித்தியாசம் அண்ணாச்சின்னு கேக்கீங்க. உக்காருங்க சார், ஃபேன் காத்து படுற மாதிரி அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க, ஏன்னா இந்தச் சிப்பிவிளையில இருவது வருஷமா போன் கடை வச்சிருக்கிற முத்துமாலைகிட்ட இந்தக் கேள்விய யாரு கேட்டாலும் ரெண்டு பதில் இருக்கு. ஒண்ணு டப்பா மேல அச்சடிச்சிருக்கிற பதில், அது அரை நிமிஷத்துல முடிஞ்சிரும்: பத்துல கேமரா நாலு, ஒம்பதுல மூணு, பத்துக்கு ஒரு தடவ சார்ஜ் போட்டா ரெண்டு நாளு நிக்கும், ஒம்பது பொழுது சாயறதுக்குள்ள மூச்ச விட்டுரும், பத்து கும்மிருட்டுலயும் பாக்கும், ஒம்பது பட்டப்பகல்லயே தட்டுத்தடுமாறும். கம்பெனி பேரச் சொல்ல மாட்டேன். இங்க யாரும் சொல்றதில்ல, ஒம்பது, பத்து, அவ்வளவுதான்.

ரெண்டாவது பதில் கொஞ்சம் நீளம். அவசரமாப் போணும்னா இப்பவே சொல்லிருங்க. ம்ம்ங்கீங்க. சரி, அப்ப கேளுங்க.

பத்து எங்க ஊருக்கு வந்தது போன ஆவணியில, ஒரு செவ்வாக்கிழமை. பார்சலப் பிரிச்சிகிட்டு இருக்கேன், உப்பளத்து மேஸ்திரி வேலாண்டி உள்ள வந்து நீங்க கேட்ட இதே கேள்வியத்தான் கேட்டான். நானும் ஒம்பதையும் பத்தையும் இந்தக் கண்ணாடி மேல பக்கத்துப் பக்கத்துல நிறுத்தி, ரெண்டுலயும் கேமராவத் தொறந்து, தெருவப் பாக்குற மாதிரி வச்சேன். பத்துல தெரு தெரிஞ்சுது, புதுசாப் போட்ட சிமெண்டு வாய்க்கால், கண்ணக் கூச வைக்கிற வெயிலு, எல்லாம் கண்ணாடி கணக்கா. ஒம்பதுலயும் அதே தெருதான், ஆனா அதுல கடைக்கு எதுத்தாப்புல பூவரச மரம் நின்னுச்சு, சித்திரையில ரோட்ட அகலப்படுத்தணும்னு வெட்டித் தள்ளி லாரியில ஏத்திட்டுப் போன மரம், எல கூட ஆடிகிட்டு, அடியில ஒரு ஐஸ்வண்டியும் ரெண்டு ஆடும் நிக்க, ஜம்முன்னு நின்னுச்சு. வேலாண்டி ரெண்டையும் மாறி மாறிப் பாத்தான். "அண்ணாச்சி, ஒம்பதுல நெழலு இருக்கே, பத்துல அது இல்லியே"ன்னான். பழசுதான்வே, நேத்துதான் ஒருத்தன் வித்துட்டுப் போனான்னு சொன்னேன். "பரவால்ல, நெழலு இருக்கிறதையே குடுங்க"ன்னு வாங்கிட்டுப் போயிட்டான்.

நான் ஏதோ அப்டேட் வந்திருக்குன்னு நெனச்சேன். கம்பெனிக்குப் போன் போட்டா ஒரு பொண்ணு, கொரலு தேன் மாதிரி, "சார், ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா"ங்கு. பண்ணிட்டேம்மா, மரம் போக மாட்டேங்குன்னேன். "உங்க புகார பதிவு பண்ணிட்டோம் சார்"னா. அதோட சரி, இன்னிவரைக்கும் பதிவாத்தான் கெடக்கு.

ஊருல அந்த ஒம்பது நூத்தி நாப்பது பேருகிட்ட இருந்துச்சு, அதுக்கு முந்துன வருஷம் ஆடித் தள்ளுபடியில நான்தான் வித்தேன். அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நூத்தி நாப்பது பேரும் கண்டுபிடிச்சிட்டாவ. ஒம்பதோட கேமரா எந்த எடத்தப் பாக்குதோ, அந்த எடம் போன வருஷம் இதே நாளு இதே நிமிஷம் எப்படி இருந்துச்சோ அதத்தான் காட்டும். சத்தம் வராது. படம் பிடிச்சா கருப்பாத்தான் விழும், பத்த வச்சி ஒம்பதப் படம் எடுத்தாலும் கருப்புத்தான். அந்த நிமிஷத்துல பாத்தா உண்டு, பாக்காம விட்டா போனது போனதுதான்.

ஊரு ஆச்சரியப்பட்டுச்சான்னு கேட்டீங்கன்னா, ஆச்சரியப்பட யாருக்கு சார் நேரம் இருந்துச்சு? பவுன் கம்மலத் தொலச்ச பொம்பள, தொலச்ச நாளு வர்ற வரைக்கும் காத்திருந்து, கெணத்தடியில ஒம்பதப் பிடிச்சிகிட்டு நின்னு, கம்மலு எந்தக் கல்லு இடுக்குல விழுந்துச்சுன்னு பாத்துத் தோண்டி எடுத்தா; வேலிக் கல்ல நகத்தி வச்சவன் ராத்திரியோட ராத்திரியா பழையபடி நகத்தி வச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வெத்தல போட்டுகிட்டு இருந்தான்; உப்பளத்துப் பொம்பளைக மத்தியானம் சோத்து வாளியத் தூக்கிகிட்டு இல்லாத பூவரசு அடியில வந்து வெயில்ல உக்காந்து, ஒம்பதுல நெழலப் பாத்துகிட்டே சாப்பிட்டாவ, கேட்டா கொஞ்சம் குளுகுளுன்னுதான் இருக்குன்னாவ; வேதக்கோயில் ஐயரு, பாதிரியாரத்தான் சொல்லுதேன், ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல, போனதத் திரும்பிப் பாக்கறது விசுவாசக் குறைச்சல்னு ஒரு மணி நேரம் முழங்கிட்டு, ஆராதனை முடிஞ்சதும் கோயில் பின்னாடி சுவரோரமா நின்னு, செத்துப்போன தன்னோட நாய் வாலாட்டுறத ஒம்பதுல பாத்துகிட்டு இருந்தாரு. அடுத்தவன் வீட்டுக்குள்ள ஒம்பதக் காட்டக் கூடாது, குளிக்கிற எடத்துல எடுக்கவே கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல பேசி முடிவு பண்ணினாவ. ரெண்டு மாசத்துல அது குழாய்த் தண்ணி மாதிரி சாதாரண சங்கதி ஆயிப்போச்சு.

இதுல அதிகமாப் பாடுபட்டது எங்க அக்கா பூரணம்தான். அந்தா, திரைக்கு அந்தப் பக்கம் லென்ஸக் கண்ணுல மாட்டிகிட்டு சர்வீஸ் பண்ணிகிட்டு இருக்காளே, அவதான். அவளுக்குப் பொறவியிலயே காது கேக்காது, பேச்சும் வராது, ஆனா உதட்டப் பாத்தே எல்லாத்தையும் படிச்சிருவா. ஒம்பதுல படம் வருது, சத்தம் வரலியா, எல்லாரும் அவளத் தேடி வந்துட்டாவ. போன வருஷம் எம் மாமியா என்ன சொன்னா, எவன் எனக்கு வாக்குக் குடுத்தான், எவன் இல்லங்கான், வந்து பாத்துச் சொல்லுன்னு இழுத்துகிட்டுப் போவாவ. அவ கையால சொல்லுவா, நான் வாயால சொல்லுவேன். ஒருநா அலுத்துப்போயி எங்கிட்ட கையாட்டினா: இந்த ஊருல பாதிப்பேரு போன வருஷமும் இதேதான்டா பேசியிருக்கான்.

இப்பிடி இருக்கையிலதான் கிருபாவதி மைனி கடைக்கு வந்தாவ.

மைனின்னா சொந்தம் இல்ல. அவிய வீட்டுக்காரரு கோயில்பிச்சைய நான் அண்ணன்னு கூப்பிடுவேன், அதனால மைனி. அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டினாரு. ரெண்டு பேருக்கும் பிள்ளை கெடையாது, வேன்ல இருக்கிற இருவத்தேழும் எம் பிள்ளையதான்னு சொல்லுவாரு. தை மாசம் எட்டாந்தேதி காலையில வேனத் தூக்கிட்டுப் போனவரு, முதல் பிள்ளைய ஏத்துறதுக்கு முன்னாடி, பஸ் ஸ்டாண்டுகிட்ட வண்டிய ஓரங்கட்டி, கை பிரேக்க இழுத்து வச்சி, ஸ்டீயரிங் மேல தலையச் சாச்சவருதான். மாரடைப்பு. டீக்கடைக்காரன் சொன்னான், டீ குடிக்கையில நெஞ்ச நீவி விட்டுகிட்டு, "காலையில எந்திச்சதுலருந்து ஒரு மாதிரியா இருக்குடே"ன்னாருன்னு.

அந்த ஒரு வார்த்ததான் மைனிக்கு எமனா வந்து வாய்ச்சுது. பொணத்தக் கிடத்தியிருக்கையிலயே அண்ணனோட அக்கா ரோஸ்மலரு மாரடிச்சிகிட்டுக் கேட்டாவ: "எந்திச்சதுலருந்துன்னா, ஒங்கிட்ட சொல்லாமயா ஏட்டி போயிருப்பான்? டீக்கடைக்காரன்கிட்ட சொன்னவன் பொண்டாட்டிகிட்ட சொல்ல மாட்டானா? நீ போன நோண்டிகிட்டு இருந்திருப்ப!"  மைனிக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் ஒண்ணே ஒண்ணு. அன்னிக்குக் காலையில நாற்காலியில உக்காந்து போனப் பாத்துகிட்டு இருந்தது, அண்ணன் பக்கத்துல எங்கயோ நின்னது, தான் "ம்ம்"னு சொன்னது. எதுக்குச் சொன்னோம்? தெரியாது. போன்ல என்ன பாத்தோம்? அதுவும் தெரியாது.

அந்தப் போன அவியளுக்கு வாங்கிக் குடுத்தது அண்ணன்தான் சார். இந்த ஸ்டூல்ல உக்காந்துதான் கேட்டாரு, எட்டுக்கும் ஒம்பதுக்கும் என்ன வித்தியாசம்டே, எதுல அவளுக்குப் படம் நல்லாத் தெரியும், பகல் பூரா தனியா இருக்கா, அவளுக்குப் பொழுது போகணும்னு. ஒம்பதுதான்ணே அம்சமா இருக்கும்னு வித்தவன் நான்தான்.

மைனி அன்னிக்கு வந்து, மூலையில விரிசல் விட்ட ஒம்பத இந்தக் கண்ணாடி மேல வச்சி, "தம்பி, இது தை மாசம் வரைக்கும் உயிரோட இருக்குமா?"ன்னு கேட்டாவ. பேட்டரி உப்பிப் போயிருந்துச்சு. மாத்திக் குடுத்தேன். "எதுக்கு மைனி, பத்துக்கு மாறிருங்களேன்"னேன், கடைக்காரன் புத்தி. அதுக்கு அவிய, "வீட்டுக்கு ஒருநா வா, வந்து பாரு"ன்னாவ.

போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மைனி சமையக்கட்டு வாசல்ல நின்னு ஒம்பதப் பிடிச்சாவ, நான் தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். அண்ணன் சாப்பிட்டுகிட்டு இருந்தாரு. அதே முண்டா பனியன், அதே வழுக்கை, சோத்தப் பெசஞ்சிகிட்டு ஏதோ சொல்லுதாரு. எதுக்க மைனி, போன வருஷத்து மைனி, ஒரு கையில சோறு, ஒரு கையில ஒம்பது, குனிஞ்ச தல நிமிரல. அண்ணன் பேசுவாரு, நிறுத்துவாரு, மைனிய ஏறிட்டுப் பாப்பாரு, பொறவு சோத்தப் பெசைவாரு. இந்த வருஷத்து மைனி எங்கிட்ட, "இன்னிக்கு இதோட பதினோரு தடவ பாத்துட்டாவ தம்பி, நான் ஒரு தடவ கூட நிமிரல, நேத்து ஒம்பது தடவ, முந்தாநாளு பதினாலு"ன்னாவ. ஒரு பரீட்சை மார்க்கு சொல்ற மாதிரித்தான் சொன்னாவ. நான் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சேன் சார்.

அந்த ஒம்பது மாசாமாசம் தையப் பாத்து நடந்துகிட்டு இருந்துச்சு. மைனிக்கு அது சந்தோசமும் நோவுமா இருந்துச்சு. ஒருபக்கம் தெனமும் மனுசனப் பாக்கலாம், எந்திரிக்கிறது, பல்லு வெளக்கறது, வேன் கண்ணாடியத் தொடைக்கிறது, எல்லாம் பாக்கலாம். இன்னொரு பக்கம் ஒவ்வொரு நாளும் அந்த நாளப் பாத்து ஒரு நாளு கொறையும். "அன்னிக்கு எங்கிட்ட அவிய நெஞ்சு வலின்னு சொன்னாவளா இல்லியா, எனக்கு அது மட்டும் தெரியணும்"ன்னாவ மைனி. "சொன்னாவன்னா, நாந்தான் கொன்னேன்னு தெரிஞ்சிகிட்டு இருந்துட்டுப் போறேன். தெரியாம இருக்கறதுதான் தம்பி அறுக்குது."

பூரணம் உதட்டப் பாத்துச் சொல்லுவா மைனி, நாங்க வாரோம்னேன். அதுக்கு மைனி, "எங்க நின்னு சொன்னாவன்னு தெரியலியே"ன்னாவ. அடுக்களையா, நடுவீடா, வாசப்படியா, தெருக் கேட்டா? ஒரு போன ஒரு எடத்துலதான் பிடிக்க முடியும், மொகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சோ, அந்த நிமிஷம் ஒருதடவதான் வரும், தப்பிச்சின்னா தப்பிச்சதுதான். "நிமிந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்"ன்னாவ. 

வீடு பூராவும் ஒம்பது வைக்கணும். ஆனா ஊருல ஒம்பது எங்க இருக்கு? கார்த்திகையில கம்பெனிக்காரன் எக்ஸ்சேஞ்ச் போட்டான், பழசக் குடுத்துட்டுப் பத்த வாங்கிக்கிடுங்கன்னு, சனம் பலாச்சொளைக்கு வர்ற ஈ மாதிரி மொய்ச்சிருச்சு. அந்த வருஷம் சாவு விழாத வீடு, ஆளு பிரியாத வீடு, அவியளுக்கெல்லாம் போன வருஷத்தப் பாத்து என்ன ஆவப் போவுது, அதே சுவரு அதே சட்டி. நூறு ஒம்பத நானே வாங்கி, நானே பெட்டி கட்டி, நானே லாரியில ஏத்திவிட்டேன். தையில ஊருக்குள்ள மிஞ்சினது நாப்பது. அந்த நாப்பதும் யாருகிட்ட இருந்துச்சுன்னா, எதையாவது பறிகொடுத்தவங்ககிட்ட.

அவங்ககிட்டப் போயி எப்பிடிக் கேக்க? ஒரு காலப்பொழுது ஒம்பதக் குடுத்தா, அவங்க ஆளு அந்தக் காலையில என்ன செஞ்சான்னு அவங்க பாக்க முடியாது, அது திரும்பியும் வராது. கூச்சத்தோட ஊரு வாட்ஸப் குரூப்புல போட்டேன்: கோயில்பிச்சை அண்ணன் வீட்டுக்கு எட்டாந்தேதி காலை ஆறுலருந்து ஏழரை வரைக்கும் ஒம்பது வேணும். ஒருத்தரும் பதில் போடல. சரி, அவ்வளவுதான்னு நெனச்சேன்.

எட்டாந்தேதி காலையில நானும் பூரணமும் போயி வாசல் தெளிச்ச ஈரத்துல செருப்பக் கழட்டுதோம், சனம் வரிசையா வருது சார். துண்டுல பொதிஞ்சி, முந்தானையில சுத்தி, டிபன் பாக்ஸுக்குள்ள வச்சி, ஒவ்வொருத்தரும் ஒம்பதக் கொண்டாந்து என் கையில வைக்காவ. வேலாண்டி அவனோட நெழலக் கொண்டாந்தான். ஐயரு நாயக் கொண்டாந்தாரு. பாக்கியத்தாயி வந்தா, அவ மகன் கத்தாருக்குப் போனவன், போன வருஷம் சரியா அன்னிக்குக் காலையிலதான் பெட்டி கட்டினான். "ஏ ஆத்தா, நீ எதுக்கு, நீ பாரு"ன்னேன். "அவன் பெட்டி கட்டினத நான் நேர்லயே கண்ணாறப் பாத்தேன்டா, பாக்காதவளுக்கு வை"ன்னு திணிச்சா. ரோஸ்மலரும் வந்தாவ. யாரோடும் பேசல, தன்னோட ஒம்பத அண்ணன் குளிக்கப் போற வழியில ஒரு வாளியக் கமுத்தி அது மேல நிறுத்தினாவ.

ஜன்னல் கம்பியில கட்டினோம், அலமாரியில சாச்சோம், செம்பருத்திக் கிளையில ரப்பர் பேண்டு போட்டு மாட்டினோம், கேட்டுல ரெண்டு, தெருவுல வேன் நின்ன எடத்துல ஒண்ணு. வீடு பூராவும் கண்ணு. மைனி மட்டும் தன்னோட ஒம்பதக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துட்டாவ. "நான் போன்ல பாக்க மாட்டேன் தம்பி, அன்னிக்குப் பாத்தது போதும்"ன்னு சொல்லி, அன்னிக்கு எந்த நாற்காலி எங்க கெடந்துச்சோ, அங்கயே அதப் போட்டு, வாசலப் பாத்து, தலைய நிமித்திகிட்டு உக்காந்தாவ. கை ரெண்டும் மடியில, சும்மா.

ஆறே முக்காலுக்கு அண்ணன் வந்தாரு. குளிச்சிட்டுத் துண்டோட வாளிப் போன்ல தெரிஞ்சாரு, அப்பிடியே அலமாரிப் போனுக்கு வந்து சட்டயப் போட்டாரு, போட்டவரு ஒரு கணம் நின்னு நெஞ்சுல கைய வச்சாரு. தெருவே மூச்சப் பிடிச்சிருச்சு. பூரணம் அவரு கூடவே நடந்தா, ஒவ்வொரு போனா, அவரு உதட்ட விட்டுக் கண்ண எடுக்காம. சாமி படத்துக்கு முன்னாடி நின்னாரு, உதடு அசையல. சாவிய எடுத்தாரு, அசையல. நேரா வந்து வாசப்படியில நின்னு மைனியப் பாத்துத் திரும்பினாரு.

அந்த எடத்துல என் ஒரு கையில மைனியோட ஒம்பது, இன்னொரு கையில என்னோட பத்து, எதாவது பதிவாகாதான்னு ஒரு நப்பாசையில தொறந்து வச்சிருந்தேன். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல பிடிச்சிருந்தேன். ஒம்பதுல அண்ணன் வாசல்ல நின்னு மைனியப் பாத்துகிட்டே இருக்காரு, மைனி குனிஞ்சி போனப் பாத்துச் சிரிச்சிகிட்டு இருக்காவ. பத்துல மைனி தலைய நிமித்தி வாசலப் பாத்துகிட்டே இருக்காவ, வாசல்ல யாருமில்ல. இதுதான் சார் வித்தியாசம். நீங்க கேட்டீங்கல்ல, இதுதான்.

"வந்துட்டாவளா தம்பி?"ன்னு மைனி மெதுவாக் கேட்டாவ. வந்துட்டாரு மைனி, வாசப்படியில நிக்காருன்னேன். மைனி அந்த வெறும் வாசலப் பாத்து, வாய் நெறைய, தெருவுக்கே கேக்குற மாதிரி, "ஏங்க, ஒங்க ஒடம்புக்கு என்ன செய்து?"ன்னாவ.

ஒம்பதுல அண்ணன் நின்னுகிட்டே இருக்காரு. மூணு நிமிஷம் சார், நான் மணியப் பாத்தேன், மூணு நிமிஷம் ஒரு மனுசன் தன் பொண்டாட்டி நிமிருவாளான்னு பாத்துகிட்டு நிக்காரு. கை நெஞ்சுல இருக்கு. பொறவு வாயத் தொறந்தாரு. தொறந்த வாயில வார்த்த வர்றதுக்கு முன்னாடி, ஒம்பதுல உள்ள மைனி குனிஞ்ச தல குனிஞ்சபடி, "ம்ம்"னு தலைய ஆட்டினாவ. அண்ணன் தொறந்த வாய மூடினாரு. லேசாச் சிரிச்சாரு, கோவமெல்லாம் இல்ல, பிள்ளை தூங்குறதப் பாத்துச் சிரிப்போமே அந்த மாதிரி. நாற்காலி ஓரத்துல மைனி வச்சிருந்த தண்ணித் தம்ளரு தட்டிவிடாம இருக்கட்டும்னு உள்ள தள்ளி வச்சாரு, கதவச் சத்தம் வராம சாத்தினாரு, செம்பருத்திப் போன், கேட்டுப் போன், தெருப் போன்னு ஒவ்வொண்ணாத் தாண்டினாரு. எதுலயும் உதடு அசையல. வேன் கெளம்பிருச்சு.

பூரணம் எம் பக்கம் திரும்பி, ரெண்டு கையையும் விரிச்சிக் காட்டினா. அண்ணன் ஒண்ணும் சொல்லலன்னு. அப்பிடியே நின்னா, அவ கண்ணுல தண்ணி ஓடுது. அவ கையால சொல்லிட்டா, வாயால சொல்ல வேண்டியவன் நான்தானே.

"மைனி, அண்ணன் ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல"ன்னேன்.

தெரு பூரா ஒரு பெருமூச்சு. மைனி அழல. நாற்காலியவிட்டு எந்திரிக்காம, என்னையும் பூரணத்தையும் சுத்தி நின்ன அம்புட்டுப் பேரையும் ஒருதரம் பாத்துட்டுக் கேட்டாவ: "சொல்லலன்னா, அப்ப நான் எதுக்கு ம்ம்னேன்? நான் ம்ம்னு சொன்னது எப்ப, அவிய வாயத் தொறக்க முன்னாடியா, பொறவா?"

பாத்தவங்க நாப்பது பேரு இருக்கோம்.  ஐயரு தரையப் பாத்தாரு.  எனக்குப் பொய்யும் வரல, நெசமும் வரல.

ரோஸ்மலருதான் கூட்டத்த விலக்கிட்டு வந்தாவ. அன்னிக்குக் காலை வரைக்கும் ஒரு வருஷமா மைனி வீட்டு வாசல மிதிக்காத மனுசி. வந்து நாற்காலிக்கு முன்னாடி தரையில உக்காந்து, மைனியோட ரெண்டு கையையும் பிடிச்சிகிட்டு, "அவன் வாயத் தொறக்கவே இல்ல கிருபா. நீயும் ம்ம்னு சொல்லல. அது ஒனக்கு வேற என்னைக்கோ உள்ள ஞாபகம். அவன் பாட்டுக்குப் போனான், நீ பாட்டுக்கு இருந்த. வேற ஒண்ணும் நடக்கல தாயி"ன்னாவ. சொல்லிட்டு, தம்பி செத்த அன்னிக்கு அழுதத விட அதிகமா அழுதாவ.

மைனி அவிய மொகத்த ரொம்ப நேரம் பாத்தாவ. "சரிக்கா"ன்னாவ. எந்திரிச்சிப் போயி, வந்த அம்புட்டுப் பேருக்கும் டீ போட்டுக் குடுத்து, அவங்கவங்க ஒம்பதத் தொடச்சிக் கையில குடுத்தாவ. பாக்கியத்தாயி கையில குடுக்கையில மட்டும் அவ கால்ல விழப்போனாவ, அவ தடுத்துட்டா.

அந்த நிமிஷம் இனி எந்த ஒம்பதுலயும் வராது. அடுத்த வருஷம் பாத்தாலும், நாங்க நாப்பது பேரு வாயப் பொத்திகிட்டு நின்னதுதான் தெரியும். மைனி அவிய ஒம்பத எங்கிட்டயே விட்டுட்டாவ. எக்ஸ்சேஞ்ச் போட்டுப் பத்துத் தரட்டான்னு கேட்டேன். "வேண்டாம் தம்பி, இனி அதுல நான் ஒருத்திதான் இருப்பேன், என்னைய நான் பாத்தது போதும்"ன்னாவ. அந்தா, அந்த டப்பாவுக்குள்ள கெடக்கு பாருங்க. நான் சார்ஜே போடல.

இப்ப மைனி அதே ஸ்கூல் வேன்லதான் பிள்ளையளப் பாத்துக்கிற ஆயாவாப் போறாவ. நாலு மணிக்கு வேன் இந்தத் தெருவுலதான் நிக்கும். எறங்கி கடைக்கு வந்து, என் மொகத்த நேராப் பாத்து, "தம்பி, ஒனக்கு என்ன செய்து, நல்லாருக்கியா?"ன்னு கேப்பாவ. யாரப் பாத்தாலும் அப்பிடித்தான். பொறவு சில நாளு, எப்பவாச்சும், போகையில திரும்பி நின்னு, "அவிய ஒண்ணும் சொல்லலதானே?"ன்னு கேப்பாவ. ஒண்ணும் சொல்லல மைனின்னு சொல்லுவேன். அது நெசந்தானே சார்? அதுவரைக்கும் நெசந்தான். மீதிய நாப்பது பேரும் இன்னிவரைக்கும் வெளிய விடல. நீங்க வெளியூரு, பஸ் ஏறிப் போயிருவீங்க, அதனாலதான் இம்புட்டும் கொட்டிட்டேன், நெஞ்சுல வச்சி வச்சி எனக்கும் பாரமா இருந்துச்சு.

அந்தா, வேன் வந்துட்டு. மைனிதான் எறங்குதாவ, தல நிமிந்து நடந்து வாராவ பாருங்க. வந்ததும் ஒங்களையும் என்ன செய்துன்னு கேப்பாவ. சார், அவிய உள்ள வர்றதுக்குள்ள ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன், தயவுசெஞ்சி...

என்ன சார், போனப் பாத்துக் குனிஞ்சபடியே ம்ம்னுட்டீங்க? நான் இன்னும் கேக்கவே இல்லியே.